நறுமண எண்ணெய்களும் கருத்தரிப்புச் சிகிச்சையும்: நெடுநாள் பயன்பாட்டில் நான் கண்டவை

சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் அதைத் தொடர்ந்து வந்த கருத்தரிப்புச் சிகிச்சையுமாகக் கழிந்த இந்தச் சில ஆண்டுகளில், நறுமண எண்ணெய்களை ஏறக்குறைய விடாமல் பயன்படுத்தி வந்திருக்கிறேன். லாவெண்டர், கிளாரி சேஜ் என்ற மூலிகை, எலுமிச்சை வகையான பெர்கமோட் ஆகியவற்றின் எண்ணெய் மூன்று குப்பிகளும், மணத்தைக் காற்றில் பரப்பும் டிஃப்யூசர் ஒன்றும்தான் என்னிடம் உள்ளவை. என் ஹார்மோன் பரிசோதனை முடிவுகளில் எதையும் இவை மாற்றவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடல் எடையைக் குறைத்த பிறகுதான் மாதவிடாய் ஓரளவு சீரானது; கருமுட்டை வெளிப்பட்டது மருத்துவர் எழுதிக்கொடுத்த லெட்ரோசோல் மாத்திரையால். எண்ணெய் எனக்குத் தந்தவை நல்ல தூக்கமும், வலி மிகுந்த நாள்களில் சற்று ஆறுதலும். அந்த இரண்டுக்காகவே இன்னமும் வைத்திருக்கிறேன்.

கடைத்தொகுதி ஒன்றில் எனக்கு முதன்முதலில் கிளாரி சேஜ் விற்ற பெண்மணி, அது ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனைச் சமன்படுத்தும் என்று உறுதியாகக் கூறினார். அந்த எண்ணெயில் மிகச் சிறிதளவு இருக்கும் ஸ்க்ளேரியால் என்ற பொருளின் மூலக்கூறு வடிவம் ஈஸ்ட்ரோஜனை ஒத்திருக்கிறது என்ற பேச்சிலிருந்து கிளம்பிய நம்பிக்கை இது. வடிவம் ஒத்திருப்பதால் மட்டும் ஒரு பொருள் உடலில் அந்த வேலையைச் செய்துவிடாது. இதற்கு நேர்மாறான கவலையும் உண்டு. லாவெண்டர், தேயிலை மர எண்ணெய் கலந்த பொருள்களைப் பயன்படுத்திய மூன்று சிறுவர்களுக்கு மார்பு வளர்ச்சி காணப்பட்டதாக 2007-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் அறிக்கை வெளியானது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் பலர் அந்தத் தொடர்பைக் கேள்விக்கு உள்ளாக்கினார்கள் என்றாலும், அதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது: ஓர் எண்ணெயால் ஹார்மோனை உண்மையாகவே அசைக்க முடியுமானால், சிகிச்சையில் இருப்பவர் அதை மருத்துவரைக் கேட்காமல் பூசிக்கொள்ளவே கூடாது. விற்பவர்கள் பெருமையாகச் சொல்லும் குணமே எச்சரிக்கைக்குரிய குணம்.

நறுமணப் பொருள்களுக்கும் ஹார்மோனுக்கும் தொடர்பே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. பால்கட்டு வற்றுவதற்கு மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கத்தை என் மாமியார் அறிவார். அவர் தலைமுறைப் பெண்கள் பலரும் அறிவார்கள். அந்த வழக்கத்தை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் முறையாகச் சோதித்து 1988-இல் வெளியிட்ட ஆய்வில், பூவைக் கட்டிய தாய்மார்களுக்கும் பால் சுரப்பை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரை உட்கொண்டவர்களுக்கும், பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோனின் அளவு குறைந்தது. மாத்திரையில்தான் குறைவு அதிகம். ஆனால் அங்கே பயன்பட்டது புதிதாகப் பறித்த பூ, பயன்படுத்தியவர்கள் பிள்ளை பெற்ற தாய்மார்கள். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் வாங்கும் மல்லிகைச் சரத்துக்கோ, குப்பியில் வரும் மல்லிகை எண்ணெய்க்கோ அந்த முடிவை நீட்டிக் கருத்தரிப்புக்கு உதவும் என்பது பொருந்தாது.

மாதவிடாய் வலியைப் பொறுத்தவரை நிலைமை சற்று மேல். லாவெண்டர், கிளாரி சேஜ், ரோஜா எண்ணெய்களைக் கலந்து அடிவயிற்றில் தேய்த்த தென்கொரிய மாணவியருக்கு வலி குறைந்ததாக 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. பங்கேற்றவர்கள் குறைவு, மணத்தை யாரிடமிருந்தும் மறைக்கவும் இயலாது. இருந்தும் என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது. இதில் கையால் மெதுவாகத் தேய்ப்பதன் பங்கு எவ்வளவு, மணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் முயன்றதில்லை.

நான் கடைப்பிடிக்கும் அளவு இது: 30 மில்லிலிட்டர் நல்லெண்ணெய்க்கோ பாதாம் எண்ணெய்க்கோ ஆறு சொட்டு, அதாவது ஏறக்குறைய 1 விழுக்காடு. நேரடியாகத் தோலில் சொட்டுவதில்லை. புதிய குப்பி வாங்கினால் கலந்த எண்ணெயை முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பார்ப்பேன். எந்த எண்ணெயையும் தண்ணீரில் விட்டுக் குடிப்பதில்லை; 'சுத்தமானது, குடிக்கலாம்' என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். பிறப்புறுப்பின் உள்ளே எந்த எண்ணெயும் போகக் கூடாது. எரிச்சல் ஒருபுறமிருக்க, கருத்தரிக்க முயல்பவர்களுக்கு விந்தணுக்களின் இயக்கமும் கெடலாம். டிஃப்யூசரைப் படுக்கைக்கு முன் அரைமணி நேரம் ஓட்டி நிறுத்திவிடுகிறேன். சன்னல்களை மூடிக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு இரவு முழுவதும் ஓடவிட்டால் நன்மை கூடுவதில்லை, தலைவலிதான் வருகிறது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ பூனையோ இருந்தால் இந்த அரைமணி நேரத்தையும் யோசிக்க வேண்டும். பூனையின் கல்லீரலால் இத்தகைய பொருள்கள் பலவற்றைச் சிதைத்து வெளியேற்ற முடியாது.

சிங்கப்பூரின் வெப்பமும் ஒரு காரணி. லாவெண்டரில் உள்ள லினலூலும் எலுமிச்சை வகை எண்ணெய்களில் உள்ள லிமோனீனும் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் தோல் ஒவ்வாமையைத் தூண்டும். ஆகவே குப்பிகள் என் வீட்டில் குளிர்பதனப் பெட்டியில் இருக்கின்றன, திறந்த தேதி எழுதிய ஒட்டுத்தாளோடு. பெர்கமோட் பூசிய தோலில் வெயில் பட்டால் புண்ணாகிக் கருத்துப்போகும் என்பதால் அது டிஃப்யூசருக்கு மட்டும்.

வாங்கும்போது தாவரத்தின் லத்தீன் பெயரைப் பாருங்கள். கிளாரி சேஜ் என்பது சால்வியா ஸ்க்ளேரியா. வெறுமனே 'சேஜ்' என்று எழுதியிருந்தால் அது சால்வியா அஃபிசினாலிஸாக இருக்கலாம். அதிலுள்ள தூஜோன் நரம்பு மண்டலத்தைத் தாக்கக்கூடியது, கர்ப்பத்தில் கூடவே கூடாது. பென்னிராயல், பார்ஸ்லி விதை எண்ணெய்களும் கர்ப்பத்தில் கூடாது.

செயற்கைக் கருத்தரிப்புக்குப் போகும் தம்பதியர் கவனிக்க வேண்டியது இனிமேல் சொல்வதுதான். கருமுட்டை எடுக்கும் நாளிலும் கருவை வைக்கும் நாளிலும் எந்த நறுமணப் பொருளையும் பூசிக்கொண்டு வரக் கூடாது என்று சிகிச்சை மையங்கள் பொதுவாக அறிவுறுத்துகின்றன. மணம் என்பது ஆவியாகிப் பரவும் கரிமச் சேர்மங்கள்தான். கருக்கள் வளரும் ஆய்வகத்தின் காற்றை வடிகட்டியே அனுப்புவதற்கு ஒரு காரணம் அத்தகைய சேர்மங்கள் கருவைப் பாதிக்கலாம் என்பது. கருத்தரிப்புக்கு உதவும் என்று விற்கப்படும் பொருளை அந்தச் சிகிச்சையின் முக்கியமான நாளில் வாசலிலேயே விட்டுவரச் சொல்கிறார்கள் என்பதை நான் வேடிக்கையாகவே பார்த்தேன். கணவரின் வாசனைத் திரவியத்துக்கும் கோடாலித் தைலத்துக்கும் அதே விதிதான். முந்தைய நாளிலிருந்தே டிஃப்யூசரை நிறுத்தி, தலையணை உறைகளைத் துவைத்துப்போட்டோம். அன்று தலையில் பூவும் வைக்கவில்லை. அது மையத்தின் உத்தரவு அன்று, என் முடிவு.

ஈஸ்ட்ரோஜன் ஒட்டுப்பட்டை தரப்பட்ட நாள்களில், அதை ஒட்டும் பகுதியில் எண்ணெய் தேய்ப்பதை அடியோடு விட்டேன். எண்ணெய்ப் பசையில் பட்டை நிற்காது. புதினா எண்ணெயிலுள்ள மெந்தால் போன்றவை தோல் வழியே மருந்து உள்ளே செல்லும் அளவையும் கூட்டக்கூடும். கரு வைத்த பிறகு கிளாரி சேஜைத் திறக்கவே இல்லை. மருத்துவரிடம் என் எண்ணெய்களின் பட்டியலைக் காட்டியபோது அவர் மறுக்காதது, எப்போதாவது சற்று நேரம் முகரும் லாவெண்டர் ஒன்றை மட்டும்.

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காதவர்கள், 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதம் முயன்றவர்கள், எண்ணெய் வாங்கும் காசைப் பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரை பெற்று மருத்துவமனையில் சந்திப்புக் கிடைக்கவே வாரங்கள் ஆகலாம். அந்தக் காத்திருப்பில் தூக்கம் கெட்டால் லாவெண்டர் துணைக்கு இருக்கட்டும். என்னிடமுள்ள கிளாரி சேஜ் தீர்ந்தால் மறுபடி வாங்கப் போவதில்லை. பெர்கமோட்டும் அவசியமில்லை.