ஏஞ்செலஸ் ஏரிக்கு முகடா, பள்ளத்தாக்கா?

நியூசிலாந்தின் நெல்சன் லேக்ஸ் தேசியப் பூங்காவில், 1,650 மீட்டர் உயரத்தில், ஏஞ்செலஸ் ஏரிக்கரையில் இருக்கிறது ஏஞ்செலஸ் குடில். மவுண்ட் ராபர்ட் வாகன நிறுத்தத்திலிருந்து அங்கே போக இரண்டு வழிகள்; இரண்டுக்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

ராபர்ட் முகட்டு வழி சுமார் 12 கிலோமீட்டர். முதலில் பின்ச்கட் பாதையின் கொண்டைஊசி வளைவுகள். அதற்கு மேல் மரமே இல்லை. அடையாளக் கம்பங்களைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். முகட்டில் நம்பக்கூடிய தண்ணீர் கிடையாது. கோடையில் ஆளுக்கு 2 லிட்டராவது கீழிருந்தே சுமந்து செல்லுங்கள். ஜூலியஸ் சிகரத்தை ஒட்டிய பகுதி வெறும் பாறை, வேகம் பாதியாகும். வடமேற்குக் காற்று பலமாக வீசினால் நிற்கவே முடியாது. மூடுபனியில் அடுத்த கம்பம் தெரியாமல் நடப்பதுதான் வழி தவறக் காரணம். தெரியும்வரை இருக்கும் கம்பத்தை விட்டு நகராதீர்கள்.

பள்ளத்தாக்கில் செல்லும் ஸ்பியர்கிராஸ் ஓடை வழியில் தண்ணீருக்குக் குறைவில்லை. பாதி தூரத்தில் ஒரு குடிலும் உண்டு. காற்றிலிருந்து காடு காக்கும். ஆனால் ஓடைகளைப் பாலமில்லாமல் கடக்க வேண்டும், கனமழையில் அவை சட்டென்று பெருகும். மேல்பகுதியில் குளிர்காலப் பனிச்சரிவு அபாயம் உண்டு. கடைசியில் இவ்வழியும் குடிலுக்குச் சற்று முன்பு முகட்டில்தான் ஏறுகிறது, ஆகவே காற்றிலிருந்து முழுத் தப்பில்லை.

வானம் தெளிந்திருந்தால் முகட்டில் ஏறி ஓடை வழியே இறங்குவதே சிறந்தது. அந்த முகட்டுக் காட்சியைத் தவறவிடக் கூடாது. காற்று பலமென்றால் ஓடை வழி. கனமழை என்றால் இரண்டும் வேண்டாம். குடிலில் காலணிகளை உள்ளே வையுங்கள், கியா கிளிகள் கொத்திக் கிழித்துவிடும்.