பூட்டிய வீட்டில் செம்பி: ‘காங்’ ரப்பர் பொம்மையோடு எட்டு மாதங்கள்

காலை எட்டரை மணிக்கு நானும் என் மனைவியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் நான் திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். வங்கியிலிருந்து அவள் வந்து சேர ஏழாகும். நடுவில், பாத்திரம் துலக்க வரும் அக்கா பகல் ஒரு மணிக்கு வந்து அரைமணி நேரம் இருப்பார். மற்ற நேரமெல்லாம் இரண்டு படுக்கையறை கொண்ட அந்த வேளச்சேரி வீட்டில் செம்பி தனியாகத்தான் இருக்கிறாள். மூன்று வயது நாட்டு நாய். எடை 16 கிலோ. குட்டியாக இருந்தபோது மழைநீர் வடிகால் ஓரத்திலிருந்து தூக்கி வந்தோம். சென்ற ஆண்டு நாங்கள் இருவரும் வாரம் ஐந்து நாளும் அலுவலகம் போகத் தொடங்கிய முதல் மாதத்திலேயே இரண்டு தலையணைகளையும், ஒரு ஜோடி தோல் செருப்பையும், குளியலறைக் கதவின் அடிப்பாகத்தையும் அவள் தின்று தீர்த்துவிட்டாள். எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும் தன்மையாக, “தம்பி, நீங்க போன பிறகு கொஞ்ச நேரம் ரொம்பக் கத்துது, பாத்துக்கோங்க” என்றார். அந்தக் ‘கொஞ்ச நேரம்’ என்ற சொல்லில் எவ்வளவு விஷயம் இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது.

நாயைக் காட்டிய இடத்தில் கால்நடை மருத்துவர், உள்ளே உணவு அடைத்துக் கொடுக்கும் ரப்பர் பொம்மை ஒன்றை வாங்கிப் பார்க்கச் சொன்னார். நான் முதலில் வாங்கியது பெயரில்லாத ஒரு மலிவுச் சரக்கு. நான்காம் நாள் மாலை அது மூன்று துண்டுகளாகக் கிடந்தது. துண்டுகளை ஒட்டிவைத்துப் பார்த்தபோது கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பகுதி குறைந்தது. அது மறுமுனையில் வெளியே வரும்வரை, செம்பியைப் பின்தொடர்ந்து குச்சியும் கையுமாக அலைந்த இரண்டு நாட்களை விவரிக்காமல் விடுவதே நாகரிகம். அதன் பிறகுதான் காங் கிளாசிக் வாங்கினேன்.

பார்வைக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று உருண்டைகளை அடுக்கியது போன்ற வடிவம்; உள்ளே காலியிடம்; அடியில் பெரிய துளை, உச்சியில் சிறிய துளை. உச்சித் துளை அழகுக்காக வைக்கப்பட்டதல்ல: ஒரு துளை மட்டுமே இருந்தால் நாய் நக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி நாக்கு சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால், காற்று போக வழிவிட்டிருக்கிறார்கள். நான் வாங்கிய மலிவுப் பொம்மையில் இந்த இரண்டாவது துளை இல்லை என்பதைப் பிறகு கவனித்து நடுங்கிப்போனேன். 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர், கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்த தம் ஜெர்மன் ஷெப்பர்ட் நாயான ஃபிரிட்ஸ், பழைய ஃபோக்ஸ்வாகன் வேனிலிருந்து கழற்றிப்போட்ட ஒரு ரப்பர்ப் பாகத்தைக் கண்டதும் கல்லை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்துத்தான் இதை உருவாக்கினார். வண்டியின் அதிர்வைத் தாங்கச் செய்த பாகத்தின் வழி வந்த பொருள் என்பதாலோ என்னவோ, எட்டு மாதம் செம்பியின் கடைவாய்ப் பற்களுக்கு ஈடுகொடுத்த பிறகும் இதில் மேலோட்டமான கீறல்கள் மட்டுமே இருக்கின்றன.

வாங்குகிறவர்கள் நிறத்தையும் அளவையும் பார்த்து வாங்க வேண்டும். சிவப்பு சாதாரணமாகக் கடிக்கும் வளர்ந்த நாய்க்கு, கறுப்பு முரட்டுத்தனமாகக் கடிப்பதற்கு, வெளிர் நீலமும் இளஞ்சிவப்பும் குட்டிக்கு, ஊதா பல் தளர்ந்த கிழ நாய்க்கு. ‘மீடியம்’ 7 முதல் 16 கிலோ வரை, ‘லார்ஜ்’ 13 முதல் 30 கிலோ வரை என்று வகுத்திருக்கிறார்கள். செம்பியைப் போல இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நாய்க்குப் பெரியதை வாங்குவதே பாதுகாப்பு. சிறியது தொண்டையில் போய் அடைக்கலாம்.

இனி, இதை எப்படிப் பயன்படுத்துவது என்ற இடத்துக்கு வருகிறேன். பொம்மையின் வெற்றி தோல்வி முழுவதும் இங்கேதான் இருக்கிறது. முதல் நாளே ஆர்வக் கோளாறில் உள்ளே சாதத்தைக் கெட்டியாக அடைத்து, ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுத்தேன். செம்பி பத்து நிமிடம் முயன்றுவிட்டு, கோபத்தில் மேசைக் காலைக் கடித்தாள். தவறு என்னுடையது. முதல் வாரம் உருட்டினாலே கொட்டும்படி உலர் தீனியைத் தளர்வாகப் போட்டிருக்க வேண்டும்; வித்தை பிடிபட்ட பிறகே குழைந்த உணவு, அதற்கும் பிறகே உறைந்தது. இப்போது எங்கள் வீட்டு முறை இதுதான்: குழைய வடித்த சாதத்தில் உப்பில்லாத தயிரும் வேகவைத்த மஞ்சள் பூசணியும் பிசைந்து உள்ளே இறக்கி, வாய்ப்பக்கத்தில் ஒரு துண்டு வெந்த ஈரலை வாசனைக்காகச் செருகி, இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுகிறோம். மிச்சமான சாம்பார் சாதத்தைத் திணிக்கும் யோசனை யாருக்காவது வந்தால் விட்டுவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவையும் கூடாது. வேர்க்கடலை வெண்ணெய் வைப்பவர்கள், அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டு வைக்க வேண்டும். சிறிதளவு போனாலும் நாய்க்குச் சர்க்கரை அளவு அபாயகரமாக இறங்கிவிடும். இன்னொன்று, பொம்மைக்குள் போகும் உணவு அன்றைய காலை உணவின் பங்காகவே இருக்க வேண்டும். நாங்கள் அதைக் கூடுதலாகக் கொடுத்துவந்ததில், இரண்டே மாதத்தில் செம்பி ஒரு கிலோ ஏறிவிட்டாள்.

வரவேற்பறையில் ஒரு சிறிய கேமரா வைத்துப் பார்த்தோம். பொம்மை இல்லாத நாட்களில், கதவு சாத்தியதும் அவள் அங்கேயே நின்று குரைப்பதும், பிறகு முனகுவதும், பிறகு எதையாவது தேடிப் பிடித்துக் கிழிப்பதும் ஏறக்குறைய முதல் அரைமணி நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு நண்பகல்வரை பெரும்பாலும் தூக்கம்தான். எதிர்வீட்டுப் பெரியவர் சொன்ன ‘கொஞ்ச நேரம்’ இதுதான். பொம்மை கிடைத்த நாட்களில் அந்த அரைமணியை உறைந்த தயிர்சாதம் எடுத்துக்கொள்கிறது: முன்னங்கால்கள் இரண்டையும் கிண்ணம் போல் குவித்துப் பொம்மையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி நாற்பது நிமிடம் வரை நக்குகிறாள், முடிந்ததும் ஜன்னலோரம் போய்ச் சுருண்டுகொள்கிறாள். நாள் முழுவதும் நாய்க்குத் துணையாக இருக்கும் என்று எண்ணி இதை வாங்குகிறவர் ஏமாறுவார். அடைக்கக் கடினமான அந்த முதல் அரைமணியை அடைப்பதற்கு என்று வாங்கினால், கொடுத்த பணத்துக்குத் தகும்.

எல்லா நாய்க்கும் இது உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அலுவலக நண்பர் ஒருவருடைய லாப்ரடார், சாப்பாட்டைக் கண்டால் உலகை மறக்கும் பிராணி, வீட்டில் ஆள் இல்லாதபோது மட்டும் இதைத் தொடுவதில்லை. மாலையில் போய்ப் பார்த்தால் அடைத்தது அடைத்தபடியே கிடக்கும், வாசற்கதவின் முன் தரை முழுவதும் எச்சில் வழிந்திருக்கும். அது சலிப்பு அல்ல, பயம். பயந்த நாய் உண்ணாது. அதற்குப் பொம்மையை மாற்றி மாற்றி வாங்குவதை விட்டு, மருத்துவரிடம் போய், இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று பிரிவைப் பழக்க வேண்டும். சலிப்பு மட்டுமே உள்ள நாய்க்கும் காலை நடை இல்லாமல் இது பலிக்காது. ஆறு மணிக்கு முன்பே தெருவில் இறங்கி, ஒவ்வொரு மின்கம்பத்தையும் நிதானமாக முகரவிட்டு முக்கால் மணி நேரம் நடத்திய நாளுக்கும், மழையால் நடை தவறிய நாளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேமரா தெளிவாகக் காட்டுகிறது.

சில்லறைத் தொல்லைகள் உண்டு. மே மாதத்தில் உறைந்த சாதம் இருபது நிமிடத்தில் இளகிவிடுகிறது. இளகியது தரையில் சிந்தினால், மாலைக்குள் சுவரோரம் எறும்புச் சாரை. இப்போது மடக்கிய பழைய கோணிச் சாக்கின்மேல் வைத்துக் கொடுக்கிறோம். டைல்ஸ் தரையில் பொம்மை விழும் ‘டொக்’ சத்தமும் அதனால் கீழ்வீட்டுக்குக் கேட்பதில்லை. குழந்தைகளின் பால்புட்டி கழுவும் பிரஷ் இல்லாமல் உட்புறத்தைச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். ஒருநாள் சோம்பலில் நான் வெறுமனே அலசி வைத்துவிட்டு, மறுநாள் புளித்த வாடையைத் தேடி வீடு முழுவதும் அலைந்தேன். விலையும், ஒரு ரப்பர்த் துண்டுக்கு என்று பார்த்தால், உறுத்தத்தான் செய்யும். ஆனால் தலையணைகள், செருப்பு, கதவுக்குத் தச்சர் வாங்கிய கூலி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகு, நான் சென்ற மாதம் இரண்டாவதாக ஒன்றையும் வாங்கிவிட்டேன். ஒன்று செம்பியிடம் இருக்கும்போது மற்றொன்று ஃப்ரீசரில் உறைந்துகொண்டிருக்கிறது. மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா ஐஸ் எடுக்கத் திறந்து, “என்னடா இது, நாய்க்கும் டிபன் பாக்ஸா?” என்று கேட்டார். மறுநாள் காலை, எனக்கு முன்பே எழுந்து, நான் வைக்க மறந்த ஈரல் துண்டை அவரே உள்ளே செருகிக்கொண்டிருந்தார்.