ஐம்பது வயதில் தொடங்குபவருக்குத் தஞ்சாவூர் ஒட்டு வீணை: ஒரு மதிப்பீடு

நடுவயதில் இசை கற்க விரும்புவோரிடம் பெரும்பாலோர், "முதலில் கீபோர்டு வாங்குங்கள், ஆர்வம் நிலைத்தால் பிறகு பார்க்கலாம்" என்றே சொல்கிறார்கள். அந்த ஆலோசனையைக் கேட்ட பிறகும் தஞ்சாவூர்ப் பட்டறை ஒன்றில், பாகங்களைத் தனித்தனியே செய்து பொருத்திய ஒட்டு வீணை வாங்கி, ஓராண்டுக்கு மேலாக அதில் பயின்று வருகிறேன். இந்த மதிப்பீடு கச்சேரிக் கலைஞர்களுக்கானதன்று. அலுவலகம் முடிந்து வந்தபின் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசிக்க விரும்பும், நாற்பதையோ ஐம்பதையோ கடந்தவர்களுக்கானது.

சிறுவயதில் காது பழகாதவர்களுக்கு வீணை மற்ற தந்தி வாத்தியங்களைவிட இணக்கமானது என்பது என் முடிவு. வயலினில் சுரத்தின் இடத்தைக் காது முதலில் அறிய வேண்டும். அதன் பின்னரே விரல் அங்கே சென்று நிற்கும். வீணையிலோ விரலால் தந்தியை அழுத்தும் இடங்களான 24 மெட்டுகள், ஸ்தாயிக்கு (ஸ முதல் மேல் ஸ வரை) பன்னிரண்டாக, இரண்டு ஸ்தாயிகளுக்கு நிலையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. இந்த அமைப்பை 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரின் காலத்தோடு இணைத்துச் சொல்வது மரபு. தொடக்கப் பாடமான சரளி வரிசைக்குரிய மாயாமாளவகௌளை ராகத்தை எடுத்துக்கொண்டால், முதன்மைத் தந்தியான சாரணியை எந்த மெட்டிலும் அழுத்தாமல் திறந்து மீட்டினால் ஸட்ஜம், முதல் மெட்டில் சுத்த ரிஷபம், நான்காவதில் அந்தர காந்தாரம், ஐந்தாவதில் சுத்த மத்யமம் என்று சுரங்கள் வரிசையாகக் கிடைத்துவிடுகின்றன. முதல் வாரத்திலேயே சுருதி சேர்ந்த ஒலியைக் கேட்க முடிவது, பொறுமை குறைந்த வயதில் சிறிய உதவியன்று. கமகம் வேறு கதை. ஒரே மெட்டில் தந்தியை இழுத்து அடுத்தடுத்த சுரங்களை வரவழைப்பதற்குக் காதும் விரலும் சேர்ந்து பழக வேண்டும், அதற்குக் குறுக்குவழி எதுவும் இல்லை.

தஞ்சாவூர் வீணைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரத்தில் செய்வதே வழக்கம். ஒலி எழும் குடம், மெட்டுகள் அமையும் நீண்ட தண்டி, அதன் முனையிலுள்ள யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்து செய்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. ஏகாண்ட வீணையின் நாதம் உயர்ந்தது என்று சொல்பவர்கள் பலர் உண்டு. அந்த வேறுபாட்டை உணரும் காது தொடக்கநிலை மாணவருக்கு இருக்காது என்பதாலும், அதே பட்டறை ஏகாண்டத்துக்கு ஏறத்தாழ இரு மடங்கு விலை கேட்டதாலும், நான் ஒட்டு வீணையையே தேர்ந்தெடுத்தேன். அந்தத் தேர்வில் எனக்கு இன்றும் குறையில்லை. அலங்கார வேலைப்பாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முன்பு தந்தமும் மான்கொம்பும் பதித்த இடங்களில் இப்போது பதிப்பது பிளாஸ்டிக் தகடுதான். அதற்கும் நாதத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

வாங்குபவர் உண்மையில் கவனிக்க வேண்டியது மேளம். தண்டியின் இருபுறமும் கரித்தூள் கலந்த கறுப்பு மெழுகை உயர்த்தி, அதன்மேல் உலோக மெட்டுகளை ஒவ்வொன்றாகக் காதால் சோதித்துப் பதிப்பதை மேளம் கட்டுதல் என்கிறார்கள். மரவேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் மேளம் பிசகிய வீணையில் கற்பவர், தவறான சுரத்தையே சரியென்று காதில் பதித்துக்கொள்வார். ஆகவே விலை பேசுவதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்துவிடுவது நல்லது. சாரணியின் திறந்த ஒலியும் பன்னிரண்டாவது மெட்டின் ஒலியும் துல்லியமாக ஒரு ஸ்தாயி வேறுபட வேண்டும். சாரணிக்கு அடுத்த பஞ்சமத் தந்தியின் ஐந்தாவது மெட்டு, சாரணியின் திறந்த ஒலியோடு ஒன்றிவிட வேண்டும். எல்லா மெட்டுகளையும் வரிசையாக அழுத்தி மீட்டும்போது எந்த இடத்திலும் தந்தி உரசி இரையக் கூடாது. நான் வாங்கிய வீணை முதல் இரண்டில் தேறியது. மூன்றாவதில் மேல் ஸ்தாயி மெட்டுகள் இரண்டில் தந்தி இரைந்தது. அங்கிருந்த பெரியவர் மெழுகைச் சற்றே சூடாக்கி, சில நிமிடங்களில் அவற்றைச் சரிசெய்தார். அந்தக் கைத்திறனைப் பார்ப்பதற்காகவே இணையத்தில் வாங்காமல் நேரில் செல்லலாம்.

குறைகளும் உண்டு. தந்திகளை முறுக்கும் பிருடைகள் சரியாக இறுகாததால் முதல் சில மாதங்கள் சுருதி அடிக்கடி இறங்கிக்கொண்டே இருந்தது. சாக்பீஸ் தூள் தடவிய பிறகுதான் ஓரளவு நின்றன. வாசிக்கும் தந்திகள் நான்கும் தாளத் தந்திகள் மூன்றும் சேர்த்து ஏழு தந்திகளையும் சுருதி கூட்டுவது புதியவருக்குப் பெரும் வேலை. தந்திகளின் மறுமுனையைக் கட்டும் நாகபாசத்தின் பக்கம் உள்ள சிறு மணிக்காய்களை நகர்த்தி நுட்பமாகச் சரிசெய்யலாம் என்பதை விற்பவரே காட்டித் தந்திருக்க வேண்டும். எங்கள் ஆசிரியை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சென்னையின் சித்திரை வெயிலில் மெழுகு இளகி மெட்டுகள் சில அசைந்தபோது, மேளம் கட்ட ஆள் அனுப்புவதாக வாங்கும் நாளில் கொடுத்த வாக்கைப் பட்டறையினர் காப்பாற்றவில்லை. ஒவ்வொரு முறை தொலைபேசியில் கேட்டபோதும் "அடுத்த வாரம்" என்றே பதில் வந்தது. இறுதியில் உள்ளூரிலேயே ஒருவரைத் தேடிப் பிடித்துச் சரிசெய்துகொண்டேன்.

உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் விற்பவர்கள் யாரும் அதைப் பேசுவதில்லை. தண்டியின் இடது முனைக்கு அருகில் அடியில் பொருத்திய சுரைக்காய் இடது தொடையில் அமர, குடம் வலப்பக்கம் தரையில் இருக்க, சம்மணமிட்டு ஒரு மணி நேரம் உட்கார்வது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எளிதன்று. அவர்கள் நாற்காலியில் அமர்ந்து வாசிப்பதற்கான தாங்கியையும் சேர்த்தே வாங்கிவிட வேண்டும். இடக்கை விரல் நுனிகளில் காய்ப்பு ஏறும்வரை வலிக்கும். சிறு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் வைத்து அவ்வப்போது தொட்டுக்கொண்டால் விரல் தந்தியில் வழுக்கிச் செல்லும். வாடகை வீட்டில் நான்கடிக்கும் மேற்பட்ட இந்த வாத்தியத்தை வைக்க இடமில்லை என்பவர்களும், அடிக்கடி பயணம் செய்பவர்களும் மின்னணு வீணையைப் பார்க்கலாம். பெட்டிக்குள் அடங்குவதும் ஒலியைக் குறைத்து இரவில் வாசிக்க முடிவதும் அதன் வசதிகள். ஆனால் குடத்தின் அதிர்வு வாசிப்பவரின் உடலில் உணரப்படுவது பலாமர வீணையில் மட்டுமே கிடைக்கிறது.

வீணைக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன். பட்டறையின் சேவைக்கு இரண்டுக்கு மேல் தர இயலாது. தஞ்சாவூரிலிருந்து தொலைவில் வசிப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தங்கள் ஊரில் மேளம் கட்டத் தெரிந்த ஒருவரை விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.