அச்சு மெழுகுவர்த்திக்கான சாயக் கட்டிகள்: இரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

சிலிக்கான் அச்சுகளில் அலங்கார மெழுகுவர்த்திகள் வார்ப்பதற்காக, ஆறு நிறங்கள் கொண்ட சாயக் கட்டித் தொகுப்பு ஒன்றை இணையக் கடையில் 240 ரூபாய்க்கு வாங்கினேன். எண்ணெயில் கரையும் சாயத்தைச் செறிவாக மெழுகில் கலந்து உறைய வைத்த கட்டிகள் இவை.

முன்பு நான் கிரேயான் துண்டுகளைப் போட்டே நிறமேற்றி வந்தேன். கிரேயானில் இருக்கும் நிறமி மெழுகில் கரையாமல் நுண்துகள்களாகவே நின்று திரியின் இழைகளை அடைத்துவிடுவதால், அப்படி வார்த்த ரோஜா ஒன்று, ஏற்றிய சிறிது நேரத்திலேயே சுடர் சுருங்கி அணைந்துபோனது. அதே அச்சில், அதே திரியை வைத்து, இந்தச் சாயத்தைக் கலந்து வார்த்த ரோஜாவோ அடிவரை சீராக எரிந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே இத்தொகுப்பை மனமாரப் பரிந்துரைப்பேன்.

கால் கிலோ பாரஃபினுக்கு நகக்கண் அளவு சீவலே போதும். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கிய மெழுகு 80 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும்போது சீவலைப் போட்டுக் கிளறினால் அடியில் வண்டல் தங்காமல் கரைகிறது. உருகிய நிலையில் தெரியும் நிறத்தை நம்பி அளவைக் குறைத்துவிடக் கூடாது. உறைந்ததும் மெழுகு வெளுப்பதால், மாணிக்கச் சிவப்பாகத் தெரிந்தது இளஞ்சிவப்பாகிவிடும். ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு ஆறவைத்துப் பார்த்த பிறகே நான் அச்சில் ஊற்றுகிறேன். சோயா மெழுகில் இந்நிறங்கள் இன்னும் மங்கலாகவே வருகின்றன.

குறை என்று சொன்னால், இரு நிற வார்ப்பில்தான் இத்தொகுப்பு என்னை ஏமாற்றியது. தாமரை அச்சில் இதழ் நுனிகளுக்கு மட்டும் இளஞ்சிவப்பை ஊற்றி, விரலால் அழுத்தினால் ஒட்டாமல் பள்ளம் மட்டும் விழும் பதத்தில் அதன்மேல் வெள்ளையை ஊற்றினேன். எடுத்த அன்று இரண்டு நிறங்களுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல் இருந்தது. மூன்று வாரத்தில் சிவப்பு மெல்ல வெள்ளைக்குள் ஊறி எல்லையே கலங்கிப்போயிற்று. கரையும் சாயத்தின் இயல்பே இதுதான் என்றாலும், உறையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வெயில்பட்டால் நிறம் வெளுக்கும் என்ற எச்சரிக்கையும் இல்லாததால், சன்னலோரம் வைத்த ஊதா மெழுகுவர்த்தி ஒரு பக்கம் மட்டும் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டது.

நிற எல்லை கூர்மையாக நிற்க வேண்டுமென்றால், வெள்ளையாக வார்த்து எடுத்த உருவை நிறமி கலந்த மெழுகில் ஒருமுறை முக்கியெடுப்பதே நல்லது. மேல்தோலில் மட்டும் இருக்கும் நிறமி திரியை எட்டுவதில்லை, வெள்ளைக்குள் ஊறுவதுமில்லை. ஒரே நிறத்தில் வார்ப்பவர்கள் இத்தொகுப்பைத் தயங்காமல் வாங்கலாம். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் தனித்தனியே கிடைத்தால் அவற்றை மட்டும் வாங்குங்கள். தொகுப்பிலுள்ள பச்சையையும் ஆரஞ்சையும்விட நான் கலந்து எடுத்தவையே தெளிவாக வந்தன.