யோசிக்க விடாத மைக்

போன வாரம் ஃபோனை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கினேன். தை அறுவடை முழுக்கக் களத்துமேட்டிலேயே கிடந்ததில் மைக் ஓட்டைக்குள் நெல் சுணை அடைத்துக்கொண்டதாம். "இயர்போன் மாட்டிப் பேசிக்கலாமேம்மா" என்றார் நீடாமங்கலம் கடைக்காரர். பேச இல்லை அண்ணே, என் மகன் எழுத என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

எட்டாவது படிக்கிறான். பாடத்தை வாயால் கேட்டால் கடகடவென்று சொல்வான். எழுதச் சொன்னால் நாலாவது வரியில் விரல் நின்றுவிடும், ரகரமும் றகரமும் இடம் மாறும். அதனால் இரண்டு வருடமாக வீட்டுப்பாடம் எல்லாம் கீபோர்டு மைக்கில் சொல்லித்தான். தமிழில் சொல்லி எழுதும் வசதி 2017-லேயே வந்துவிட்டது. எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் வாயால் 'வாளப்பளம்' என்றாலும் வாழைப்பழம் என்று எழுதிவிடும். 'குறுவை நட்டாங்க' என்றால் மட்டும் 'குருவி நட்டாங்க'. விழுந்து விழுந்து சிரித்தான். தான் எழுதியதைத் திரும்பப் படித்து அவனாகவே திருத்தியது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதற்காக மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒன்றைத் தவிர. வாய் மூடிய சில நொடியில் மைக் அணைந்துவிடுகிறது. ஜூன் 12 மேட்டூர் அணை திறப்பைப் பற்றி ஒரு கட்டுரை. நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பு அணையில் தண்ணீர் மூன்று ஆறாகப் பிரிவதைச் சொல்கிறான். "வெண்ணாறு, கோரையாறு..." மூன்றாவது நினைவுக்கு வரவில்லை, கூரையைப் பார்க்கிறான். டொக். 'பாமணியாறு' என்று அவன் கத்தியபோது கேட்க ஆளில்லை. மறுபடி அமுக்கினால் சொல்ல வந்த வாக்கியமே மறந்து போகிறது. இப்போது மைக்கைத் தூங்க விடாமல் இருக்க 'அப்புறம், அப்புறம்' என்று இழுக்கிறான். ஒரே பக்கத்தில் பதினொரு அப்புறம். முற்றுப்புள்ளியையும் நாம்தான் வைக்க வேண்டும், அது சரி, போகட்டும்.

கற்றல் குறைபாட்டையும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். பத்தாவது பொதுத்தேர்வில் இவனைப் போன்ற பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுத ஆள் தருகிறார்கள், ஒரு மணி நேரம் கூடுதலாகவும் தருகிறார்கள். அந்த ஆள் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். இந்த மைக் வசதியைச் செய்தவர்களுக்குத் திக்கித் திணறி யோசிக்கும் பிள்ளை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையா?

பக்கத்துத் தெரு அக்கா தன் மகளுக்கும் இதை வைக்கலாமா என்று கேட்டபோது அந்தக் கோபத்தில்தான் இருந்தேன். "வேண்டாங்க்கா, பிள்ளையை அழ வைக்கும்" என்றேன். சாயங்காலம் ஃபோனோடு வந்துவிட்டார். என் மகன்தான் அதில் தமிழைச் சேர்த்துக் கொடுத்தான். அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தது அடுப்படி வரை கேட்டது: "நடுவுல நெனச்சுப் பாக்காத. எல்லாத்தையும் மொதல்லயே நெனச்சுக்க, அப்புறம் அமுக்கு."