திருச்சி–சிங்கப்பூர் 4 மணி நேரம்தானா? விமானத் தூரம் சொல்லும் தளங்கள் எவ்வளவு சரி

இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் கிலோமீட்டரும் நேரமும் சொல்லும் தளங்கள் இணையத்தில் நிறைய. டெல்டாக்காரர்கள் அதிகம் தேடும் திருச்சி–சிங்கப்பூர், திருச்சி–துபாய் தடங்களில் இவற்றை வைத்துப் பார்த்தால், தூரத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். நேரத்துக்குப் பாதிதான்.

விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து உருண்டைப் பூமியின் மேல் மிகக் குறுகிய கோட்டை அளக்கிறார்கள். சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ., துபாய் சுமார் 2,940. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் கிட்டத்தட்ட ஒரே தூரம்! அலகை மட்டும் கவனியுங்கள். அதே சிங்கப்பூர் மைலில் 1,853, கடல் மைலில் 1,610. ஒரு தளத்தில் மைலும் இன்னொன்றில் கடல் மைலும் பார்த்துவிட்டுத் தூரம் குறைகிறதே என்று குழம்ப வேண்டாம்.

நேரக் கணக்கு பெரும்பாலும் எளிய வகுத்தல்தான். சிங்கப்பூர் தூரத்தை மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்து, ஏற இறங்க அரை மணி கூட்டினால் 4 மணி நேரம் வரும். இதில் காற்றுக்குக் கணக்கே இல்லை. ஆடி மாதம் கீழே காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருக்கும்போது, விமானம் பறக்கும் 11, 12 கி.மீ. உயரத்தில் அது கிழக்கிலிருந்து வீசும். எதிர்க்காற்று 50 கி.மீ. வேகம் என்றால் சிங்கப்பூர் போகக் கால் மணி கூடும், திரும்பும்போது அதே அளவு குறையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இதை மனதில் வையுங்கள்.

பெரிய கோளாறு ஊர்ப் பெயரில். கும்பகோணம்–சிங்கப்பூர் என்று போட்டாலும் சில தளங்கள் கூசாமல் பறக்கும் நேரம் சொல்லும். கும்பகோணத்தில் ஏது விமான நிலையம்? தஞ்சாவூரில் இருப்பது விமானப்படைத் தளம். எந்த ஊராக இருந்தாலும் திருச்சியை மட்டும் போட்டு, சாலை நேரத்தைத் தனியே கூட்டுங்கள்: தஞ்சையிலிருந்து ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி, கும்பகோணத்திலிருந்து இரண்டரை, நாகையிலிருந்து மூன்றரை வரை ஆகலாம். தஞ்சைப் பக்கமிருந்து வருபவர்கள் துவாக்குடியில் அரைவட்டச் சாலையில் திரும்பி மாத்தூர் வழியே போனால் திருச்சி நகர நெரிசல் மிச்சம்.

டிக்கெட்டில் இரவு 11.00 புறப்பாடு, காலை 5.30 வருகை என்றிருந்தால் பயணம் ஆறரை மணி நேரமில்லை. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி முன்னால். இறங்கும்போது இங்கே விடிகாலை 3 மணிதான். துபாய் ஒன்றரை மணி பின்னால்.

அந்த 11 மணி விமானத்துக்கு 8 மணிக்கே நிலையத்தில் இருக்க வேண்டும். கும்பகோணத்திலிருந்து வேன் மாலை ஐந்து, ஐந்தரைக்குள் கிளம்பியாக வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடிய இன்னும் ஒரு மணி நேரம். தளம் சொன்ன 4 மணி நேரம், கும்பகோணம் வீட்டு வாசலிலிருந்து சாங்கி வாசல் வரை கணக்குப் போட்டால் பத்தரை, பதினொரு மணி நேரம்.