மாவுக் கடைக்கு ஆர்டர்: ஆப்பா, வெப்சைட்டா, வாட்ஸ்அப்பா?

பெங்களூர் அல்சூரில் எங்கள் இட்லி, தோசை மாவுக் கடை எட்டடிக்குப் பத்தடி. ஆர்டர் வாங்க மூன்று வழியும் பார்த்தாயிற்று: டெலிவரி ஆப், சொந்த வெப்சைட், அப்புறம் வாட்ஸ்அப்பும் கியூஆர் ஸ்டிக்கரும். இப்போது மூன்றாவதில் நிற்கிறேன், அதனால் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

ஆப்பில் இந்திராநகர், தோமலூர் என்று புது ஆட்கள் வருவார்கள், மறுக்கவில்லை. ஆனால் நூறு ரூபாய்க்கு இருபது, இருபத்தைந்து கமிஷனாகப் போனால் உளுந்து விற்கிற விலைக்கு என்ன மிஞ்சும்? வாங்கியவர் நம்பரும் நமக்குக் கிடைக்காது. மூன்று மாதத்தில் விட்டேன்.

வெப்சைட் வைத்திருந்தது நான்கே மாதம், அந்த அளவுக்கே என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்சைட்டில் பணம் வாங்கித் தருகிற பேமென்ட் கேட்வேக்கு 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய்க்கு 23 ரூபாய் 60 காசு. அது பரவாயில்லை. சனிக்கிழமை விற்ற பணம் செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது, பருப்பு மண்டிக்காரர் அதுவரை காத்திருப்பாரா? பொடி, ஊறுகாய் என்று வெளியூருக்குக் கூரியர் போடுகிறவர்களுக்கு இது ஒத்து வரலாம். நம் ஆட்களோ வெப்சைட்டில் விலை பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில்தான் கேட்டார்கள்: "புளிப்பு கம்மியா ரெண்டு கிலோ எடுத்து வைங்கண்ணா." புளிப்புக்கு எந்த வெப்சைட்டில் பட்டன் இருக்கிறது?

வாட்ஸ்அப் பிசினஸுக்குக் காசு கிடையாது. யுபிஐயில் வாங்க 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரருக்குக் கட்டணமும் இல்லை. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எந்தப் பணம் யாருடையது என்பதில்தான் உயிர் போகும். வெப்சைட்டில் ஆர்டரும் பணமும் ஒரே வரியில் வரும், இங்கே தனித்தனியாக வரும். ஆர்டர் கொடுத்தது மூன்றாம் மாடி அக்கா, பணம் வந்தது அவர் வீட்டுக்காரர் பெயரில். ஒரு சனிக்கிழமை மட்டும் 180 ரூபாய் பதினோரு தடவை வந்தது, ஆர்டரோ பன்னிரண்டு. கொடுக்காத ஒருவர் யார்? ராத்திரி பதினோரு மணிக்கு யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் கொடுத்தவருக்கும் மனசு கஷ்டம். அந்த 180 இன்றுவரை வரவில்லை.

அதற்குப் பிறகு கண்டுபிடித்தது பைசா வித்தை. அன்றைய ஆர்டர் நம்பரைப் பைசாவாக ஒட்டிவிடுவேன். பதினாலாவது ஆர்டர் என்றால் 180 ரூபாய் 14 பைசா. தொகை போட்ட கியூஆரையே அனுப்பிவிடுவதால் அவர்கள் எதுவும் டைப் செய்ய வேண்டாம். "அதென்ன பதினாலு பைசா, வட்டியா?" என்று ஒரு தாத்தா கேட்டார். ராத்திரிக் கணக்கு இப்போது பத்து நிமிஷத்தில் முடிகிறது. ஒரு நாளில் தொண்ணூற்றொன்பது ஆர்டரைத் தாண்டினால் இந்த வித்தை செல்லாது. தாண்டட்டும், அப்போது பார்க்கலாம்.

ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். பணம் போனதாகப் போலியாகக் காட்டவே ஆப் இருக்கிறது. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்கிற சவுண்ட் பாக்ஸ் வாய் திறக்க வேண்டும், அல்லது பேங்க் மெசேஜ் வர வேண்டும். அதுவரை பாக்கெட் என் கையில்தான்.

இன்னொன்று. 2025 ஜூலையில் யுபிஐ வரவை வைத்து கர்நாடக வணிகவரித் துறை சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது, ஞாபகம் இருக்கும். பல கடைகளில் "யுபிஐ இல்லை, கேஷ் மட்டும்" என்று காகிதம் ஒட்டினார்கள். பொருள் விற்பனைக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம். நமக்கு அவ்வளவு எங்கே என்று நினைக்கலாம். ஆனால் தங்கச்சி கல்யாணத்துக்கு மாமா அனுப்பிய பணமும் கடை கியூஆரில்தான் வந்திருந்தது, வரவை மட்டும் பார்த்தால் அதுவும் விற்பனை மாதிரிதானே தெரியும்? மறுநாளே கடைக்கென்று தனிக் கணக்கு திறந்துவிட்டேன்.

சோமேஸ்வரர் கோயில் பக்கத்து மாமிகள் நாலு பேருக்கு மட்டும் இன்னும் நோட்டுக் கணக்குதான், மாசம் பிறந்தால் பணம்.